செவிச்செல்வர் புகழேந்தியும் மல்லாட்டைப் பாட்டும்

"அறுபதுகளின் ராக் மற்றும் பாப் இசையை அல்லும் பகலும் செவிமடுத்து, அதன் நுட்பங்களில் தோய்ந்து, தாம் கேட்டு இன்புற்றதை வையகமும் கேட்டு இன்புற வழங்கிவரும் செவிச்செல்வர்."

வளவனூர் நண்பர்கள் கலை வட்டம் பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்டு வழங்கிய பட்டயத்தில் விழுப்புரம் புகழேந்தியைப் பற்றி இப்படித்தான் அச்சடித்திருக்கிறது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கருத்துப்பிழை ஒன்றே ஒன்றுதான். அவர் எதையும் கேட்பதில்லை.

திடுக்கிடாதீர்கள். புகழேந்தி பொய்யர் அல்ல. பாட்டுப் பகிர்வோர் என்னும் இனத்தைச் சேர்ந்தவர், அவ்வளவுதான். பாட்டுக் கேட்பவர் வேறு, பாட்டுப் பகிர்பவர் வேறு. கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவருக்கும் பந்தி விசாரிக்கிறவருக்கும் என்ன வேறுபாடோ அதுவே இங்கும். பந்தி விசாரிக்கிறவர் சாம்பாரைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார், உங்கள் இலையைப் பார்த்துக் கவலைப்படுவார், "அந்த வடையை விட்டுடாதீங்க" என்று அடித்துச் சொல்லுவார். அவர் வாயில் ஒரு பருக்கை போயிருக்குமா? போயிருக்காது. அதற்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது?

அறுபதுகளுக்கும் புகழேந்திக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அவர் பிறந்தது அறுபத்தேழின் கடைசியில். அந்தப் பத்தாண்டுகளில் அவர் கேட்ட இசை முழுவதும் அவரே தொட்டிலில் கிடந்து பாடியது. பிறகு வளர்ந்து, படித்து, விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக அமர்ந்து, ஒலிபெருக்கியில் "திண்டிவனம், மதுராந்தகம், தாம்பரம் செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்று ஆயுளின் பெரும்பகுதியை அறிவித்தே கழித்தார். அறிவிக்கிறவருக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அதனால் கேட்கும் பழக்கம் அவருக்கு ஏற்பட வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

ஓய்வு பெற்ற மறுவாரம் மனைவி ஆரோக்கியசெல்வியுடன் இரும்பைக் கோயிலுக்குப் போனார். (அந்த அம்மாள் மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆனால் கோயில் என்றால் எல்லாம் கோயில்தான் என்பது அவர் கட்சி.) திரும்பும்போது டீக்கடை பெஞ்சில் ஆரோவில் வெள்ளைக்காரர் ஒருவர் உட்கார்ந்து கைபேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டிருந்தார். கிட்டார் சிணுங்கிற்று. பத்துப் பேர் சேர்ந்து உருகி உருகி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள்.

"இன்னாபா, மல்லாட்டை மல்லாட்டைன்றான்?" என்றார் டீ ஆற்றுகிறவர். அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.

"மெல்லோ டே" என்று திருத்தினார் வெள்ளைக்காரர். இதமான நாள் என்று பொருளாம். "அறுபதுகளின் பாட்டு."

புகழேந்தி உருகிப்போனார். இது உண்மை, இதில் கேலி இல்லை. கண்ணோரம் ஈரம்கூட வந்தது. ஆனால் பாட்டின் பாதியில் பஸ் வந்துவிட்டது. நேரக் காப்பாளராக இருந்தவர் பஸ்ஸை விடுவாரா? ஏறிவிட்டார். அறுபதுகளின் இசையோடு அவருக்குள்ள நேரடிப் பழக்கம் அந்த அரைப் பாட்டு. மீதியெல்லாம் பகிர்வு.

"அறுபதுகள் ராக் & பாப்: விழுப்புரம், திண்டிவனம்" என்ற வாட்ஸ்அப் குழு அப்படித்தான் பிறந்தது. அறுபதுகளுக்குப் பொருத்தமாக அறுபது பேர் உறுப்பினர்கள். பெரும்பாலும் ஓட்டுநர்கள், நடத்துநர்கள், அவர்களுடைய மைத்துனர்கள். யாரும் விரும்பிச் சேரவில்லை. யாருக்கும் வெளியேறும் துணிவும் இல்லை. வெளியேறினால் புகழேந்தி போன் செய்து "ஏன்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்க மாட்டார்.

காலையில் காபிக்கு முன்பே முதல் பாட்டு புறப்பட்டுவிடும். கூடவே ஒரு குறிப்பு: "இயர்போன் போட்டுக் கேட்கவும். பேஸ் கிட்டாரைக் கவனிக்கவும். இதெல்லாம் இனி வராது." அவரிடம் இயர்போன் கிடையாது. பேஸ் கிட்டார் எது, மற்ற கிட்டார் எது என்று தெரியுமா? தெரிந்துகொள்ளும் அவசியம் வந்ததில்லை. பிறகு அவர் செய்வதெல்லாம் நீல டிக் விழுகிறதா என்று பார்ப்பது. இரண்டு விழுந்தால் முகம் மலரும். பத்து விழுந்தால் இன்னொரு பாட்டு.

நேரில் மாட்டினீர்களோ, இன்னும் விசேஷம். உங்களை நாற்காலியில் உட்கார்த்திவிட்டு அவர் நிற்பார். பாட்டு ஓடும். ஆள்காட்டி விரல் மேலே போகும். "இருங்க, வருது... கிட்டார் வருது... இதோ வந்துகினே இருக்கு... வந்துடுச்சு பாருங்க... போயிடுச்சு! அடுத்து டிரம்ஸ்!" கிட்டார் எந்த நடைமேடைக்கு வரும் என்று சொல்லாததுதான் பாக்கி. நீங்கள் கேட்டது பாட்டையா, புகழேந்தியையா? வீட்டுக்குப் போன பிறகு யோசித்துப் பார்ப்பீர்கள். பாட்டு ஒரு வரியும் ஞாபகம் வராது.

பிறர் அனுப்பும் பாட்டுக்கு மறுமொழி எழுதுவதிலும் அவருக்கென்று ஒரு தொழில்முறை உண்டு. ராக் பாட்டு என்றால் ஆரம்பத்தில் ஓர் அடி விழும், நடுவில் ஓர் அலறல் வரும். இதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஆகவே எல்லாப் பாட்டுக்கும் ஒரே விமர்சனம் போதும். கைபேசியில் தயாராக எழுதி வைத்திருந்தார். பாட்டு வந்ததும் ஒட்ட வேண்டியது, அனுப்ப வேண்டியது. கேட்டு நேரத்தைப் போக்கிக்கொண்டிருந்தால் அடுத்த பாட்டை யார் பகிர்வது?

இந்த அறுபது பேரில் மெய்யான பதில் எழுதியவர் ஒருவர்தான். திண்டிவனம் அப்பாதுரை, ஓய்வுபெற்ற நில அளவையர். "பாட்டு வந்தது அறுபத்தாறில் அல்ல, அறுபத்தைந்தில்" என்று எழுதுவார். புகழேந்தி மறுப்பார். அவர் மறுபடி அளந்து சொல்லுவார். இப்படிச் சண்டையில் வளர்ந்த நட்பு, அப்பாதுரையின் மகன் நெடுஞ்செழியனுக்குப் புகழேந்தியின் மகள் அமலாவைப் பேசுகிற அளவுக்குப் போயிற்று. பையனும் பெண்ணும் பார்த்தார்கள், பேசினார்கள், பிடித்துப்போயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். இரு வீட்டாருக்குமாகப் புகழேந்தி ஒரு குடும்பக் குழுவைத் தொடங்கினார். அதிலும் பாட்டுப் போட்டார். சொல்லவும் வேண்டுமா?

அப்பாதுரையிடம் ஒரு விசித்திரம். பாட்டின் இணைப்பை அனுப்ப அவருக்கு வராது. ஆகவே ஒரு கைபேசியில் பாட்டை ஓடவிட்டு, இன்னொரு கைபேசியை அதன் அருகில் வைத்துக் குரல்பதிவாக்கி அனுப்புவார். பதிவாகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் டீ குடிக்கப் போய்விடுவார். பாட்டோடு கதவு திறக்கும் சத்தம், கீரைக்காரி குரல், காக்கை எல்லாம் வரும். ஒருமுறை மல்லாட்டைப் பாட்டை இப்படி அனுப்பியபோது கடைசியில் ஒரு விசில் கேட்கிறதே என்று ஓட்டுநர் ஒருவர் ஐயம் எழுப்பினார். புகழேந்தி கேட்டுப் பார்க்காமலே தீர்ப்பு வழங்கினார்: "அது சம்பந்தி வீட்டுக் குக்கர். பதிவில் கவனம் தேவை." அப்பாதுரையும் கேட்டுப் பார்க்காமலே வருத்தம் தெரிவித்தார். அவர் மனைவி சவுரியம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது.

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் குடும்பக் குழுவில் அப்பாதுரையிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. புகழேந்தி அப்போது மாடியில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பாதுரை, குரல்பதிவு: அப்படியென்றால் பாட்டு. வேறென்ன? தயாராயிருந்த விமர்சனத்தை ஒட்டி அனுப்பினார்:

"அருமை! அருமை! முதல் அடி விழும்போதே உடம்பு சிலிர்த்தது. இப்போதெல்லாம் யாருக்கு இப்படி விழுகிறது? நடுவில் அந்த அலறல், ஆஹா! திரும்பத் திரும்பக் கேட்டேன். இதே மாதிரி இன்னும் அனுப்புங்கள்!"

கூடவே ஒரு கிட்டார், மூன்று தீப்பிழம்பு, கைதட்டல்.

நீல டிக்குகள் மளமளவென்று விழுந்தன. ஒருவரும் பதில் எழுதவில்லை. பாட்டில் ஆழ்ந்துவிட்டார்கள் என்று புகழேந்தி மகிழ்ந்திருந்தபோது அமலா படியேறி வந்தாள்.

"அப்பா, அந்த ஆடியோவ கேட்டியா நீ?"

"கேக்காமலா எழுதுவேன்? அறுபத்தாறு. உங்க மாமனார் அறுபத்தஞ்சும்பாரு, நம்பாத."

"கேட்டியா, இல்லியா?"

"முதல் அடி விழும்போதே..."

"முதல் அடி எங்க விழுந்துச்சு தெரியுமா? கூட்டேரிப்பட்டுல."

கைபேசியை வாங்கி அவளே ஓடவிட்டாள். கிட்டார் வரவில்லை. அப்பாதுரையின் குரல் வந்தது, நடுங்கிக்கொண்டு. "சம்மந்தி, நான்தான் பேசறேன். நம்ம செழியன் பைக்ல வந்துகினு இருந்தான், கூட்டேரிப்பட்டாண்ட மணல்ல சறுக்கி வுழுந்துட்டான். கால்ல எலும்பு முறிஞ்சிருக்கு. கட்டு போட்டாங்க. உசுருக்கு ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழம நிச்சயத்த தள்ளி வெச்சிக்கலாம். இவ ஒரே அழுகை..." பின்னணியில் நெடுஞ்செழியன் வலியில் கத்துவது கேட்டது.

அலறல்கூட இருந்தது, பாருங்கள்.

புகழேந்தி பதறி அடித்துக்கொண்டு தம் விமர்சனத்தை அழித்தார். இரண்டு வழி உண்டல்லவா? அனைவருக்கும் நீக்குவது, எனக்கு மட்டும் நீக்குவது. அவர் இரண்டாவதை அழுத்தினார். உலகத்தில் அவர் ஒருவர் கண்ணுக்கு மட்டும் அந்த வாசகம் மறைந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டார்.

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஆரோக்கியசெல்வி பணி முடிந்து வந்து கைப்பையை வைத்தார். "கால் ஒடஞ்சவன் அப்பனுக்கு 'இன்னும் அனுப்புங்க'ன்னு எழுதுன ஒரே சம்மந்தி இந்த ஜில்லாவுலயே நீங்கதான். இன்னா பேஜாரு புடிச்ச மனுசன்யா நீ!"

"வேற ஆளு மெசேஜ்னு சொல்லிடலாமா?"

"வாய மூடு."

அமலா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு அவர புடிச்சிருக்குப்பா" என்றாள். அன்று முழுதும் அவள் அவரிடம் பேசவில்லை. மாலையில் சவுரியம்மாளிடமிருந்து ஒரு வரி வந்தது: "நேரில் வரவும்."

மறுநாள் ஆரஞ்சுப் பையோடு புகழேந்தியும் மனைவியும் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினார்கள். அவர் கைபேசி அந்த அம்மாளின் கைப்பையில் இருந்தது. வழி முழுதும் அவர் வாய் திறக்கவில்லை. ஓட்டுநர் போட்ட பாட்டைப் பற்றிக்கூட.

கூடத்துக் கட்டிலில் நெடுஞ்செழியன் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். அப்பாதுரை முகத்துக்கு முன்னால் செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார். சவுரியம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் குரல்பதிவை ஓடவிட்டார். அதன்பின் புகழேந்தியின் மறுமொழியைச் சொல்வதெழுதுதல் வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "மூணு தீப்பிழம்பு" என்றும் சேர்த்து வாசித்தார்.

அப்பாதுரையின் செய்தித்தாள் இன்னும் மேலே ஏறியது.

"மாமா" என்றான் நெடுஞ்செழியன் கட்டிலிலிருந்து. "இதே மாதிரி இன்னும் அனுப்புங்கன்னு போட்டிருக்கீங்களே. இன்னொரு காலு பாக்கி இருக்கு. பரவால்லியா?"

ஆரோக்கியசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். புகழேந்திக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

"நான் கேக்கவே இல்ல, டீச்சர்" என்றார்.

செய்தித்தாள் கீழே இறங்கியது. அப்பாதுரையின் முகத்தில் மகன் கால் முறிந்ததைவிடப் புதிதான ஒரு வலி தெரிந்தது. "அப்ப... இத்தினி நாளா நான் அனுப்புன பாட்டெல்லாம்?"

"நான் அனுப்புனத நீங்க கேட்டீங்களா, சம்மந்தி?"

செய்தித்தாள் மறுபடி மேலே போயிற்று.

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு" என்றார் சவுரியம்மாள். "அண்ணே, உங்கள ஒண்ணு கேக்கறேன். நாளைக்கி உங்க பொண்ணே 'அப்பா, இங்க எனக்கு முடியல'ன்னு பேசி அனுப்புனா, அதுக்கும் அருமைன்னுதான் போடுவீங்களா?"

புகழேந்தியின் கை வெறும் சட்டைப்பையில் கைபேசியைத் தேடிற்று. அறிவிப்பதற்கு ஒன்றும் இல்லை.

"சொல்றத கேக்கத் தெரியாத ஊட்ல சம்மந்தம் பண்ண எனக்கு மனசு வரல. கேக்கத் தெரியும்னு காட்டுங்க. உங்க குரூப்ல அந்த மல்லாட்டைப் பாட்டு இருக்குதே, அத மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் கேளுங்க. நடுவுல யாருனா வாயத் தொறந்தா, நிச்சயத்த பத்தி இன்னிக்கி பேச்சில்ல. ஊருக்கு ஜல்தியா பஸ்ஸு இருக்கு."

நெடுஞ்செழியன் தன் கைபேசியில் பாட்டைத் தேடி எடுத்தான். சவுரியம்மாள் உள்ளே போய், அவித்த மல்லாட்டை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். "வாயில எதுனா இருந்தாத்தான் சும்மா இருப்பீங்க."

பாட்டு தொடங்கியது. அடி விழுந்தது. புகழேந்தியின் ஆள்காட்டி விரல் தானாக மேலே போயிற்று. ஆரோக்கியசெல்வி அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். கிட்டார் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "வருது" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சொல் கிளம்பித் தொண்டை வரை வந்தது. தோலுரிக்கவும் பொறுமையின்றி நாலு மல்லாட்டையை அப்படியே வாயில் திணித்துக்கொண்டார். கிட்டார் அறிவிப்பின்றியே வந்தது. அறிவிப்பின்றியே போயிற்று. ஆச்சரியம், அவர் இல்லாமலே அது சரியான நேரத்துக்கு வந்துபோகிறது. எதிரே அப்பாதுரை ஆண்டைத் திருத்த முடியாமல் கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தார். பத்துப் பேர் மல்லாட்டை, மல்லாட்டை என்று உருகினார்கள்.

பிறகு இரும்பையில் பஸ் வந்த இடம் வந்தது. அதற்கு அப்பால் புகழேந்தி போனதில்லை.

டிரம்ஸ் நின்றுவிட்டது. பத்துப் பேரும் ஓய்ந்தார்கள். ஒரே ஒருவன், பக்கத்து அறையில் தூங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, தணிந்த குரலில் பாடினான். பிறகு பாடவும் இல்லை. விசில் அடித்தான். நீளமாக, வீட்டுக்குத் தனியாக நடந்து போகிறவன் அடிப்பதுபோல. அந்த விசில் தேய்ந்து தேய்ந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது.

புகழேந்தி அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்பாதுரையும் பார்த்தார். அடுப்பு அணைந்து கிடந்தது.

"அன்னிக்கி என் குக்கருன்னு தீர்ப்பு சொன்னது யாரு?" என்றார் சவுரியம்மாள்.

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாயில் மல்லாட்டை இருந்தது ஒருவகையில் நல்லதாயிற்று.

கட்டுப் பிரித்த மறுவாரம் நிச்சயதார்த்தம் என்று அன்று மாலையே முடிவாயிற்று. கைப்பையில் இருந்த கைபேசியை வாங்கிப் புகழேந்தி அமலாவை அழைத்தார். சேதியைச் சொல்லவில்லை. "சொல்லும்மா" என்றார். சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். மறுமுனையில் அவள் வெகுநேரம் பேசினாள்.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. மறுநாள் காபிக்கு முன்பே அறுபது பேருக்கும் மல்லாட்டைப் பாட்டு மறுபடி போயிற்று. "இயர்போன் போட்டுக் கேட்கவும். இரண்டாம் பாதியைக் கவனிக்கவும். அது குக்கர் அல்ல." அறுபது பேரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கேட்டார்களா? அவர்களுக்கு வேலை இல்லையா?

நீங்களும் இதற்குள் யாரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மைத்துனரை, அலுவலகத்து மேலாளரை, மாடி வீட்டுக்காரரை. சிரியுங்கள். ஆனால் நேற்று ஒருவர் அனுப்பிய பாட்டுக்கு ஓர் இதயம் போட்டீர்களே, அது எப்படி முடிகிறது? இந்தக் கட்டுரையைக்கூட யாருக்கு அனுப்பலாம் என்று பாதியிலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டீர்களே, எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? உங்களுக்கும் ஒரு பட்டயம் எங்கோ அச்சாகிக்கொண்டிருக்கிறது. வாங்கிக்கொள்ளும்போது கூச்சப்பட வேண்டாம். புகழேந்தி படவில்லை.

அவருடைய பட்டயம் விழுப்புரத்து வீட்டில் இன்னும் மாட்டியிருக்கிறது. அல்லும் பகலும் செவிமடுத்தது பற்றி எனக்குத் தெரியாது. திண்டிவனத்தில் ஒரு மத்தியானம், வாய் நிறைய மல்லாட்டையோடு, அவர் ஒரு பாட்டைக் கடைசிவரை கேட்டார்.